மலையிலிருந்து இறங்கித் திமிங்கலம் பார்க்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், இலங்கையின் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸ என்ற ஊரிலிருந்து படகேறி நீலத்திமிங்கலம் பார்த்துவந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். கூடலூர் முதல் கோத்தகிரி வரை இத்தனை பேருக்குக் கடல்மேல் கண் இருக்கும் என்று நான் எண்ணியதில்லை. வந்த கடிதங்களில் ஒரே செய்தியைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, இங்கே விடை எழுதுகிறேன்.

*பள்ளி விடுமுறை எங்களுக்கு மே மாதத்தில்தான் கிடைக்கிறது. குடும்பத்தோடு மிரிஸ்ஸ போனால் திமிங்கலம் பார்க்கலாமா?*
— அரசு ஊழியர், குன்னூர்

மிரிஸ்ஸவுக்குப் போகலாம், திமிங்கலத்துக்காக என்றால் வேண்டாம். குறிஞ்சி 2018இல் பூத்து ஓய்ந்த பிறகும் ஆண்டுதோறும் "குறிஞ்சி எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டுக்கொண்டு மலையேறி வருகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். மே மாதத்தில் மிரிஸ்ஸவில் போய் நின்றால் அங்குள்ள படகுக்காரர்கள் நம்மைப் பார்த்து அப்படித்தான் சிரிப்பார்கள்.

இலங்கைத் தமிழர் தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றைச் சோழகம் என்றும், வடகிழக்கிலிருந்து வருவதை வாடை என்றும் சொல்வர். இந்த இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொண்டால் பருவத்தைக் குறித்த குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சோழகம் வீசும் மாதங்களில் தென்கரையும் மேற்குக்கரையும் கொந்தளிக்கும். கிழக்குக்கரை தீவின் மறைவில் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். ஆகவே மிரிஸ்ஸவுக்கும் மேற்கே உள்ள கற்பிட்டிக்கும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையும், திருகோணமலைக்கு மார்ச்சு முதல் ஆகஸ்டு வரையும் போவது வழக்கம். உங்கள் மே விடுமுறைக்குத் திருகோணமலையே பொருந்தும்.

2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் போனால் அங்கிருந்து சாலை வழியாகத் திருகோணமலையை அடையலாம். ஆனால் அந்தக் கப்பல் இடையிடையே நிறுத்தப்படுவதுண்டு என்பதால், புறப்படும் வாரத்தில் விசாரிக்காமல் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டாம். கடவுச்சீட்டும் இணையவழிப் பயண அனுமதியும் தேவை.

*திமிங்கலங்கள் குளிர்ந்த கடல்களில் வாழ்பவை என்றுதான் வகுப்பில் சொல்லித் தருகிறோம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், வெந்நீர் போன்ற கடலில் அவற்றுக்கு என்ன வேலை?*
— ஆசிரியை, கோத்தகிரி

வகுப்பில் சொல்வது தவறில்லை, பாதிதான். கூனல் திமிங்கலத்தை எடுத்துக்கொள்வோம். அது துருவத்துக்கு அருகிலுள்ள குளிர்கடலில் கோடை முழுவதும் வயிறு நிறைய உண்டு கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. பிறகு பல ஆயிரம் கிலோமீட்டர் நீந்தி வெப்பக் கடலுக்கு வந்து, ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமலேயே குட்டி ஈனுகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது போன்ற வழக்கம் இது. பசிபிக் கடலில் டோங்காவுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரையும், ஹவாய்த் தீவுகளுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரையும், கரீபியன் பக்கம் டொமினிக்கன் குடியரசின் சமனா வளைகுடாவுக்கு ஜனவரி முதல் மார்ச்சு வரையும் ஆட்கள் படகேறிப் போவது தாயையும் குட்டியையும் பார்ப்பதற்காகத்தான்.

இலங்கையைச் சுற்றியுள்ள நீலத்திமிங்கலத்தின் கதை வேறு. வடக்கே ஆசியக் கண்டம் மறித்து நிற்கும் இந்தக் கடலில் அது ஆண்டு முழுவதும் தங்கி உண்டு, இங்கேயே குட்டியும் போடுகிறது. தென்துருவம் வரை போய்த் திரும்பும் வழக்கம் அதற்கு இல்லை. உணவு எங்கிருந்து வருகிறது என்பதே உங்கள் கேள்வியின் உட்பொருள் என்று கொள்கிறேன். வெப்பக் கடலின் மேல்நீர் சூடேறி இலேசாகி, பானைமேல் வைத்த மூடிபோலக் கிடக்கும். உரச்சத்தெல்லாம் அதற்கடியில் குளிர்ந்த நீரிலேயே தங்கிவிடும். கண்ணாடி போன்ற அந்த நீலநிறம் உண்மையில் வெறும் வயிற்றின் நிறம். பருவக்காற்று அந்த மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும்போது, அடியிலுள்ள குளிர்நீர் உரத்தோடு மேலெழுகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருக, அவற்றை உண்ணும் சிற்றிறால்கள் பெருக, இறால்களைத் தேடித் திமிங்கலம் வருகிறது. மேலும் இலங்கையின் தென்முனையான தெவுந்தரமுனைக்கு அருகே கடலடித் திட்டு மிகக் குறுகலானது. கரையிலிருந்து சில கடல்மைல் போனதுமே ஆழம் சரிந்துவிடுவதால், வேறு கடல்களில் நாள்கணக்கில் பயணம் செய்து தேட வேண்டிய விலங்கைக் காலை உணவுக்குப் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்குள் பார்த்துத் திரும்ப முடிகிறது.

இவை இங்கே உண்கின்றன என்பதற்கான தடயம் கிடைத்த விதம் உங்கள் மாணவர்களுக்குப் பிடிக்கும். 2003இல், அப்போது இளம் ஆய்வாளராக இருந்த இலங்கையின் ஆஷா டி வோஸ், நீலத்திமிங்கலங்கள் கூடியிருந்த இடத்தில் செங்கல் நிறத்தில் மிதந்த அவற்றின் சாணத்தைக் கண்டார். உண்ணாத விலங்கு சாணமிடாது அல்லவா? வெப்பக் கடலுக்கு வந்தால் பட்டினி என்ற பொதுக் கருத்து அந்தச் செந்நிற மிதவையிலிருந்தே அவருக்கு ஐயத்துக்குரியதாயிற்று. இந்தக் கூட்டத்தைக் 'குள்ள' நீலத்திமிங்கல வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கை. குள்ளம் என்றாலும், நம் ஊட்டிப் பேருந்துகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு வளரும்.

1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலிலும் அதையொட்டிய பகுதிகளிலும் சட்டத்துக்குப் புறம்பாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கலங்களைக் கொன்று கணக்கை மறைத்தன. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகே உண்மைப் பதிவுகள் வெளிவந்தன. 1979இல் பன்னாட்டுத் திமிங்கல வேட்டை ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்தது. இன்று நாம் படகிலிருந்து பார்ப்பவை அந்த வேட்டையில் தப்பியவற்றின் வழிவந்தவை என்பதையும் வகுப்பில் ஒரு வரி சொல்லுங்கள்.

*என் அம்மாயி 1970களில் தாயகம் திரும்பியவர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்த கப்பலோடு கூடவே கரிய மீன்கள் துள்ளிக்கொண்டு வந்தன, அவை 'புஸ்' என்று மூச்சுவிட்டன என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவை திமிங்கலங்களா? வீட்டில் யாரும் நம்பவில்லை.*
— தேயிலைத் தோட்டத் தொழிலாளி, கூடலூர்

அம்மாயி சொன்னதை நம்புங்கள். அவை பெருந்திமிங்கலங்கள் அல்ல, அவ்வளவுதான். பாக் நீரிணை மிக ஆழம் குறைந்த கடல்; பெரும்பகுதியில் ஒரு தென்னைமர உயரத்துக்குக்கூட ஆழம் இராது. அங்கே நீலத்திமிங்கலம் வருவதற்கு இடமில்லை. கப்பலின் மூக்கு நீரைத் தள்ளும்போது முன்பக்கம் ஓர் அழுத்த அலை எழும். அந்த அலையின்மேல் உடலைச் சாய்த்து, வாலை அதிகம் அசைக்காமலே சறுக்கிக்கொண்டு வருவது டால்பின்களுக்கு விளையாட்டு. நம் மீனவர் மொழியில் டால்பினுக்கு ஓங்கில் என்று பெயர். மீனுக்குச் செவுள் உண்டு, அது 'புஸ்' என்று மூச்சுவிடாது. பார்த்தது மீனல்ல என்பதற்குச் சான்று உங்கள் அம்மாயியின் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. படித்தவர்கள் பலர் டால்பினை மீன் என்றே எழுதிக்கொண்டிருக்கையில், அவர் காதால் கேட்டதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

பெருந்திமிங்கல இனத்தில் சேராவிட்டாலும் உருவில் பெரிய வேறொன்றும் நம் கரைக்கு வருவதுண்டு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு, கல்லாமொழிக் கரையில் 80க்கும் மேற்பட்ட குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் திரும்பத் திரும்பக் கடலுக்குள் இழுத்துவிட்டும் நாற்பதுக்கு மேல் இறந்தன. பெயரில் திமிங்கலம் இருந்தாலும் அவையும் ஓங்கில் குடும்பமே. கூட்டத்தை விட்டு விலகத் தெரியாத உறவு அவற்றுடையது, ஒன்று கரையேறினால் மற்றவையும் பின்தொடரும்.

1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்தவர்கள் நம் மலையில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கப்பல் பயணத்தில் கண்டதை அவர்கள் பேரப்பிள்ளைகள் எழுதி வைத்தால், இந்தப் பத்திக்கு அனுப்புங்கள்.

*மேட்டுப்பாளையம் பேருந்தில் கல்லாறு தாண்டியதுமே எலுமிச்சம்பழத்தை முகரத் தொடங்கிவிடுவேன். நானெல்லாம் கடலில் நான்கு மணி நேரம் படகில் போக முடியுமா?*
— இல்லத்தரசி, உதகமண்டலம்

முடியும் அம்மா. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் வாழ்ந்து பழகிய நமக்கு இதில் ஒரு சாதகம்கூட உண்டு: குமட்டல் எப்போது தொடங்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். சமவெளிக்காரர்கள் கடைசி நொடிவரை 'எனக்கொன்றும் ஆகாது' என்று உட்கார்ந்திருப்பார்கள்.

காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. படகின் பலகையையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது. இந்த இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாததுதான் வாந்தியின் மூலம். பேருந்து ஓட்டுநருக்கு வளைவு வருமுன்பே தெரிவதால் அவருக்கு வருவதில்லை. படகிலும் அந்த ஓட்டுநரைப் போலவே தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எடுத்த படத்தைக் குனிந்து பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள்தாம் முதலில் விழுவார்கள். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

மேல்தளத்தில் காட்சி நன்றாக இருக்கும் என்று ஏறிவிடாதீர்கள். அலையில் மேல்தளம் ஊசலின் நுனிபோல அதிகமாக ஆடும். கீழ்த்தளத்தில் நடுவிலிருந்து சற்றுப் பின்னே, ஆனால் டீசல் புகை படாத இடத்தில் உட்காருங்கள். வெறும் வயிற்றோடு போவது பெரும்பிழை, பூரி மசாலா அதைவிடப் பெரும்பிழை. இரண்டு இட்லி போதும். இஞ்சி மரப்பாவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் மாத்திரை என்றால் படகேறுவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்கு முன்பே விழுங்கினால்தான் பயன். தலை சுற்றத் தொடங்கிய பிறகு அது வயிற்றில் தங்காது. தூக்கம் வரும் மருந்து என்பதாலும், கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதாலும், ஊரிலேயே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் மீறி வந்துவிட்டால், காற்று முகத்தில் அடிக்கும் பக்கம் போகாமல் முதுகில் அடிக்கும் பக்கமாகப் போய்க் குனியுங்கள். பின்னால் இருப்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். காலை ஆறரை மணிக்குக் கடற்காற்று குளிர்ச்சியாக இருக்கும், நாம் வழக்கம்போல் ஸ்வெட்டரோடு போய் நிற்போம். ஒன்பது மணிக்கு வெயில் மேலிருந்தும் நீரிலிருந்தும் சேர்ந்து அடிக்கும். நாடாவால் முகவாயில் கட்டிக்கொள்ளும் தொப்பி இல்லாமல் போகாதீர்கள்; என் தொப்பி ஒன்று தெவுந்தரமுனைக்குத் தெற்கே எங்கோ இருக்கிறது.

*எங்கள் வகுப்பறைச் சுவரில் திமிங்கலத்தின் தலையில் நீரூற்று போல வரைந்திருக்கிறார்கள். அது கடல்நீரை உறிஞ்சிப் பீய்ச்சுகிறதா?*
— ஆறாம் வகுப்பு மாணவன், அருவங்காடு

இல்லை தம்பி. அது மூச்சு. டிசம்பர் மாதத்தில் காலையில் பள்ளிக்கு நடந்துபோகும்போது உன் வாயிலிருந்து புகை வருகிறதல்லவா, ஏறக்குறைய அதேதான். திமிங்கலத்தின் மூக்கு தலையின் உச்சியில் இருக்கிறது. பெரிய நுரையீரலில் அடைத்து வைத்திருந்த வெதுவெதுப்பான ஈரக் காற்றை அது ஒரே நொடியில் வெளியே தள்ளும்போது, அந்தக் காற்று விரிந்து குளிர்ந்து துளித்துளியாகிறது. மூக்கின்மேல் தேங்கிய கொஞ்சம் கடல்நீரும் அதோடு சிதறும். நீலத்திமிங்கலத்தின் மூச்சு ஒன்பது மீட்டர் வரை நேராக எழும். மூன்று மாடி வீட்டின் உயரம் என்று வைத்துக்கொள். எண்ணெய்த் திமிங்கலத்தின் மூக்குத்துளை தலையின் இடப்பக்க நுனியில் இருப்பதால், அதன் மூச்சு முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து வரும். உடல் தெரியாத தூரத்திலேயே படகுக்காரர்கள் எந்தத் திமிங்கலம் என்று சொல்லிவிடுவது இதை வைத்துத்தான்.

எண்ணெய்த் திமிங்கலத்தைப் பற்றி இன்னொன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து ரன்னிமேடு வரை நம் மலை ரயில் ஏறும் உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர், அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எண்ணெய்த் திமிங்கலம் அதே அளவு ஆழத்துக்கு, கணவாய் பிடிப்பதற்காக, கால்மணி நேரத்தில் தலைகீழாக இறங்கிவிடும். போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை அந்த ஒரே மூச்சு.

*நான் ஜீப் ஓட்டுகிறேன். முதுமலைச் சாலையில் யானையைப் பார்த்து வண்டியை நிறுத்தினால் வனத்துறை அபராதம் போடுகிறது. போடத்தான் வேண்டும் என்பது என் கருத்து. கடலில் திமிங்கலத்தைச் சூழ்ந்துகொள்ளும் படகுகளைக் கேட்பார் யார்? அப்படிப்பட்ட பயணத்துக்கு எங்களைப் போகச் சொல்லலாமா?*
— ஓட்டுநர், மசினகுடி

வந்த கடிதங்களில் என்னைச் சிறிது நேரம் எழுதவிடாமல் செய்தது இதுதான். எனக்கு நேர்ந்த இரண்டு பயணங்களைச் சொல்கிறேன்.

முதல் முறை போனபோது நான் ஏறிய படகின் உரிமையாளர், 'கட்டாயம் காட்டுவோம்' என்று சொல்லிப் பணம் வாங்கினார். கடலில் ஒரு மூச்சு எழுந்ததும் பதினொரு படகுகள், நான் எண்ணினேன், நாலா பக்கமிருந்தும் அதை நோக்கிப் பாய்ந்தன. அந்த விலங்கு இரண்டே முறை மூச்சுவிட்டு அமிழ்ந்துவிட்டது. வழக்கமாக அது பல முறை மூச்செடுத்துக்கொண்டுதான் ஆழத்துக்குப் போகும். அடுத்த மூச்சு எழுந்த இடத்துக்கும் எல்லாரும் ஓடினோம். ஓட்டுநர் அதன் வழிக்குக் குறுக்கே படகைத் திருப்பினார், மேல்தளத்தில் கைதட்டல். கல்லட்டிச் சாலையில் யானைக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் கார்களில் ஒன்றில் நானும் உட்கார்ந்திருப்பது போன்ற கூச்சம் எனக்கு. கண்டது கரும்பச்சை முதுகில் ஒரு கீற்று, மற்றபடி பிற படகுகளின் புகை.

இரண்டாம் முறை விசாரித்துப் போனேன். ஓட்டுநர் வயதானவர், பேச்சே இல்லை. மூச்சு எழுந்த இடத்துக்கு நெடுந்தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கமாக இணைகோட்டில் போய், பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மூழ்கிய திமிங்கலம் மீண்டும் எழப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் படகு ஊஞ்சல்போல ஆடியது. ஒரு குழந்தை அழுதது. ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். அப்போது கருநீல நீருக்கடியில் வெளிர்நீலமாக ஏதோ ஒன்று நீண்டுகொண்டே வந்தது. மேகத்தின் நிழலுக்கு எதிர்ப்பதம் என்று சொல்லலாம், ஒளியால் ஆன நிழல். அது நீரைப் பிளந்ததும் எழுந்த மூச்சு, அடைத்த அறையின் கதவைத் திறந்தாற்போல் ஒலித்தது. சற்று நேரம் கழித்து அழுகிய இறால் வாடை காற்றோடு வந்தது. முதுகு வந்துகொண்டே இருந்தது, சிறிய துடுப்பு வருவதற்குள் நான் மூச்சுவிட மறந்திருந்தேன். ஆறேழு முறை அப்படி எழுந்து, கடைசியில் முதுகை வளைத்து வாலை நீருக்கு மேல் தூக்கிக்காட்டிவிட்டு இறங்கியது. அது இறங்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றினாற்போல வழுவழுப்பான ஒரு வட்டம் நெடுநேரம் கலையாமல் கிடந்தது. ஓட்டுநர் அதைக் காட்டி, இதுதான் அதன் காலடி என்றார்.

ஆகவே போகச் சொல்லலாமா என்ற கேள்விக்கு என் விடை: யாருடைய படகு என்று கேட்டு, அந்த விடை திருப்தியாக இருந்தால் போகலாம். திமிங்கலத்துக்கு நூறு மீட்டர் தொலைவுக்குள் போகக்கூடாது என்பது பல நாடுகளில் உள்ள விதி. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் அணுகக்கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே நுழையக்கூடாது. ஏற்கெனவே படகுகள் கூடியிருந்தால் தள்ளி நின்று முறைக்குக் காத்திருக்க வேண்டும். விதி இருப்பது ஒன்று, கடலில் அதைக் காவல் காப்பது வேறொன்று, நீங்கள் சொல்வது சரிதான். பணம் கொடுப்பதற்கு முன், "எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? இயந்திரத்தை அணைப்பீர்களா?" என்று கேளுங்கள். "தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம்" என்று பெருமையடிப்பவரிடம் ஏறாதீர்கள். நடுக்கடலில் ஓட்டுநர் துரத்தத் தொடங்கினால், "போதும் அண்ணா, இங்கேயே நிறுத்துங்கள்" என்று பயணிகளில் ஒருவர் சொன்னாலே பெரும்பாலும் வேகம் குறைகிறது. ஓட்டுநர் துரத்துவது அவருக்காக அல்ல, நாம் கேட்போம் என்று நினைத்துத்தான். ஜீப்பில் உங்கள் பின்னிருக்கையிலிருந்து வரும் நெருக்கடியை நீங்கள் அறியாதவர் அல்லர்.

படகுகளைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் அங்கே இருக்கிறது. சூயசுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் சரக்குக் கப்பல்களின் பாதை தெவுந்தரமுனையை ஒட்டித்தான் போகிறது. திமிங்கலம் உண்ணும் இடமும் அதுவே. கப்பல் மோதி இறந்த திமிங்கலங்கள் கரையொதுங்கியிருக்கின்றன, ஒன்று கொழும்புத் துறைமுகத்துக்குள் கப்பலின் மூக்கிலேயே மாட்டிக்கொண்டு வந்தது. பாதையைச் சற்றுத் தெற்கே தள்ளினால் மோதல் பெரிதும் குறையும் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். 2022இல் பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று தானாகவே அப்படித் தள்ளி ஓட்டத் தொடங்கியது. முதுமலைக்கு இரவுப் போக்குவரத்துத் தடை கேட்டுப் போராடியவர்களுக்கு இந்த வழக்கு புதிதாகத் தோன்றாது.

*வெளிநாடு போக வசதியில்லை. இந்தியாவிலேயே பார்க்க இடமுண்டா?*
— கல்லூரி மாணவி, குன்னூர்

ஓங்கில் பார்க்க இடங்கள் உண்டு, பெருந்திமிங்கலத்தை நம்பிப் புறப்பட இடமில்லை. ஒடிசாவின் சிலிகா ஏரியில் புரியிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள சாத்தபாடாவில், மூக்கு நீளாத, உருண்டைத் தலை கொண்ட ஐராவதி டால்பின்களைக் காணலாம். அவை துள்ளுவது அபூர்வம்; தலையும் முதுகும் ஒரு கணம் தெரியும், அவ்வளவே. கோவாவில் கரையோரமாகவே கூனல் டால்பின்கள் வரும், ஆனால் படகுகளின் இரைச்சலுக்கு நான் பொறுப்பில்லை. இலட்சத்தீவுக்குக் கப்பலில் போகிறவர்களுக்குச் சுழல் டால்பின்கள் பல நேரம் இலவசமாகவே காட்சி தருகின்றன. தீவுக்குள் நுழைய முன் அனுமதி வாங்க வேண்டும். நம் தனுஷ்கோடியில் காலை வேளையில் பொறுமையாக நின்றால், கரையிலிருந்தே ஓங்கில் முதுகுகள் தென்படும் நாள்கள் உண்டு. செலவு பேருந்துக் கட்டணம்.

*தேனிலவுக்கு மாலத்தீவோ மொரீஷியஸோ போக எண்ணம். டால்பின்களோடு நீந்தலாம் என்கிறார்கள். நல்லதுதானா?*
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

வாழ்த்துகள். படகிலிருந்தே பாருங்கள், நீரில் குதிக்க வேண்டாம். சுழல் டால்பின்கள் இரவு முழுவதும் ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டுக் காலையில் தீவுகளை ஒட்டிய அமைதியான ஆழமற்ற நீருக்கு வருவது உறங்குவதற்காக. இரவுப்பணி முடித்துப் படுத்தவரின் அறைக்குள் முப்பது பேர் நுழைந்தால் எப்படியிருக்கும்? இதனால்தான் ஹவாயில் 2021 முதல் அவற்றை 50 கெஜத்துக்குள் நெருங்குவதையே தடை செய்துவிட்டார்கள். மாலையில் அவை கூட்டமாகத் திறந்த கடலுக்குப் புறப்படும்போது, அந்தரத்தில் பம்பரம்போலச் சுழன்று விழுவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். இருவரும் சேர்ந்து பார்ப்பதற்கு அந்த நேரமே நல்லது.

தொட்டியில் அடைத்து வித்தை காட்டும் இடங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே அப்படிக் கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்தன. 2013இல் இந்தியா அத்தகைய காட்சிக்கூடங்களுக்கு அனுமதியே இல்லை என்று அறிவித்துவிட்டது. அயல்நாட்டில் நுழைவுச்சீட்டு கிடைக்கிறது என்பதற்காக அங்கே போய் வாங்க வேண்டியதில்லை.

*எனக்கு வயது 74, முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவன். படகில் ஏற மகன் விடமாட்டான். கோணேசுவரம் தரிசனத்துக்குப் போகிறோம். கரையிலிருந்தே ஏதாவது தெரியுமா?*
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உதகமண்டலம்

ஐயா, இதைவிட நல்ல இடத்துக்கு நீங்கள் போக முடியாது. கோணேசுவரம் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. திருகோணமலைக்கு வெளியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரையை நெருங்கி வருவதால், பெருந்திமிங்கலங்களும் கரைக்கு அருகே வருகின்றன. 1982 முதல் 1984 வரை 'டூலிப்' என்ற பாய்மரப் படகில் இலங்கையைச் சுற்றி ஆய்வு செய்தவர்கள் நீலத்திமிங்கலங்களையும் எண்ணெய்த் திமிங்கலங்களையும் கண்டறிந்தது இந்தக் கடலில்தான். பிறகு போர் மூண்டு, 2009 வரை அங்கே யாரும் நிம்மதியாகப் போய்ப் பார்க்க இயலவில்லை.

மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் போங்கள். கடல் அமைதியாக இருக்கும் காலை நேரம்தான் ஏற்றது, பத்து மணிக்கு மேல் காற்றெழுந்து எங்கும் வெண்ணுரை கிளம்பினால் மூச்சு எது அலை எது என்று பிரித்தறிய முடியாது. தரிசனம் முடித்துப் பாறை விளிம்பிலுள்ள சுவரோரம் நிழலாக ஓரிடம் பிடித்து உட்காருங்கள். தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். அதைக் கண்ணிலேயே ஒட்டிவைத்திராமல், வெறுங்கண்ணால் தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வெள்ளைக் கோடொன்று நிமிர்ந்து நின்று, மெல்லச் சாய்ந்து கலைந்தால் அதுதான். அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு தொலைநோக்கியை எடுங்கள். அரை நிமிடத்துக்குள் அதே பக்கத்தில் இரண்டாவது மூச்சு எழும். படிக்கட்டில் மான்கள் உங்கள் பிரசாதப் பையைத் தேடி வரும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.